பழைய காரின் கதவு அட்டையை நாமே கழற்றலாம்



போன ஐப்பசி மழையில் எங்கள் குழுவின் தீர்மான நோட்டும் கணக்குப் பேரேடும் நனைந்துவிட்டன. வீடு ஒழுகவில்லை, கார்தான் ஒழுகியது!

வங்கிக்கும் கூட்டமைப்புக் கூட்டத்துக்கும் போய்வர, உறுப்பினர் ஒருவர் வீட்டு மாருதி 800 காரைத்தான் நாங்கள் பயன்படுத்துகிறோம். இந்த வண்டி 1983 முதல் 2014 வரை தயாரானது. இன்றும் நம் ஊர்ப்பக்கம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அன்று கண்ணாடிகளை எல்லாம் ஏற்றித்தான் வைத்திருந்தோம். ஆனாலும் முன்சீட்டுக்குக் கீழே வைத்த பை நனைந்து கிடந்தது. உறுப்பினர்களின் பாஸ் புத்தகத்தையும் வங்கிப் பாஸ் புத்தகத்தையும் ஒப்பிட்டு, கணக்கை மறுபடி எழுத மூன்று சாயங்காலம் ஆனது.

தண்ணீர் எப்படி வந்தது? கதவைக் கழற்றிப் பார்த்தபோதுதான் புரிந்தது. கோடையில் அந்தக் கதவின் கண்ணாடி உள்ளே இறங்கிவிட்டது என்று பழுது பார்த்திருந்தோம். பழுது பார்த்தவர் உள்ளே இருந்த பாலிதீன் தாளைக் கிழித்தவர், திரும்ப ஒட்டவில்லை. "தாள் எங்கேண்ணா?" என்று கேட்க எங்களுக்கும் தெரியவில்லை. அதனால் தெரிந்துகொண்டோம். நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள்.

கதவுக்குள் என்ன இருக்கிறது?

வெளியே தகடு, உள்ளே தகடு, நடுவில் இடைவெளி. அந்த இடைவெளியில்தான் கண்ணாடியும், அதை ஏற்றி இறக்கும் ரெகுலேட்டரும், பூட்டும் இருக்கின்றன. நம் பக்கம் ரெக்சின் ஒட்டிய அட்டை மூடியிருக்கும். இதை மெக்கானிக்குகள் டோர் பேடு என்பார்கள்.

ஒரு விஷயத்தை மனதில் வையுங்கள். மழைத் தண்ணீர் கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும். அது தப்பில்லை. கதவின் அடி விளிம்பில் உள்ள சிறு ஓட்டைகள் வழியாக அது வெளியேறிவிடும். அந்தத் தண்ணீர் அட்டைக்கும் காருக்குள்ளும் வராமல் தடுப்பது, அட்டைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பாலிதீன் தாள்தான்.

தேவையானவை

ஸ்டார் ஸ்குரூடிரைவர், தட்டை ஸ்குரூடிரைவர், நீளமான பருத்தித் துணிக் கிழிசல், மரக் கரண்டி அல்லது பிளாஸ்டிக் தோசைத் திருப்பி, திருகுகளைப் போட்டுவைக்க ஒரு கிண்ணம். கையுறை இருந்தால் நல்லது. உள்தகட்டின் ஓரம் கத்தி மாதிரி வெட்டும்.

கழற்றும் முறை

1. வண்டியைச் சமதளத்தில், நிழலில் நிறுத்துங்கள். கதவை நன்றாகத் திறந்து வையுங்கள். கண்ணாடி ஏறும் என்றால் முழுதாக ஏற்றிவிடுங்கள். அப்போது கைப்பிடி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

2. கண்ணாடி சுற்றும் கைப்பிடியில் திருகு எதுவும் வெளியே தெரியாது. பல பழைய வண்டிகளில் அதன் பின்னால் குதிரை லாட வடிவில் ஒரு சின்ன ஸ்பிரிங் கம்பி பிடித்திருக்கும். கைப்பிடிக்கும் அதன் அடியில் உள்ள பிளாஸ்டிக் வட்டுக்கும் நடுவில் துணியை நுழையுங்கள். இரண்டு முனையையும் பிடித்து, செருப்புக்குப் பாலீஷ் போடுவதுபோல இப்படியும் அப்படியும் இழுங்கள். கம்பி துணியில் மாட்டி வெளியே வரும். துள்ளிப் போய்விடும், ஆகவே பக்கத்தில் ஒருவர் கை வைத்துப் பிடிக்கட்டும்.

3. கை வைக்கும் பிடியின் திருகுகளைக் கழற்றுங்கள். அவை பெரும்பாலும் பிடியின் அடிப்பக்கம் இருக்கும். குனிந்து பாருங்கள். கதவு திறக்கும் உள்கொக்கியைச் சுற்றிய பிளாஸ்டிக் மூடியிலும் திருகு இருக்கலாம். சில வண்டிகளில் கதவின் மேல்விளிம்பில் பூட்டுக் குமிழ் நிற்கும். அதையும் திருகி எடுங்கள்.

4. இப்போது அட்டையின் ஓரத்தைச் சுற்றிலும் பிளாஸ்டிக் கிளிப்புகள் மட்டுமே பிடித்திருக்கும். கீழ் மூலையில் தொடங்குங்கள். கிளிப்புக்கு ரொம்பப் பக்கத்தில் தோசைத் திருப்பியை விட்டு மெல்ல நெம்புங்கள். 'டக்' என்று விடும். தூரத்தில் நெம்பினால் அட்டைதான் கிழியும், அதிலும் தண்ணீரில் ஊறிய அட்டை அப்பளம் மாதிரி உடையும்.

5. எங்கேயாவது வரவில்லை என்றால் இழுக்காதீர்கள். அங்கே நாம் பார்க்காத திருகு ஒன்று இருக்கிறது என்று அர்த்தம். முதல் தடவை எங்களுக்கும் அப்படித்தான் ஆனது. "இன்னும் கொஞ்சம் பலமா இழுங்கக்கா" என்றாள் ஒரு தங்கை. நல்லவேளை, இழுக்காமல் டார்ச் அடித்துப் பார்த்தோம். பிடியின் அடியில் அழுக்கு மூடிய திருகு ஒன்று இருந்தது.

6. கடைசியாகப் பாலிதீன் தாள். ஓரத்தில் கறுப்புப் பசை இருக்கும். அவசரப்படாமல் கொஞ்சம் கொஞ்சமாக உரித்து, பத்திரமாக மடித்து வையுங்கள்.

உள்ளே பார்க்க வேண்டியவை

அடி ஓட்டைகளில் மண்ணும் சருகும் அடைத்திருந்தால் விளக்குமாற்றுக் குச்சியால் குத்தி எடுங்கள். இவை அடைத்தால் தண்ணீர் தேங்கிக் கதவின் அடி துருப்பிடித்துவிடும். ஒரு செம்பு தண்ணீரைக் கதவுக்குள் ஊற்றிப் பாருங்கள், கீழே சொட்டினால் சரி.

ரெகுலேட்டரைத் தளர்த்தும் வேலை என்றால், முதலில் கண்ணாடியை அகலமான டேப்பால் கதவின் சட்டத்தோடு ஒட்டி நிறுத்துங்கள். இல்லாவிட்டால் அது சடாரென்று இறங்கி விரலை நசுக்கும். பழக்கமில்லாதவர்கள் இந்த இடத்தில் மெக்கானிக்கைக் கூப்பிடுவதே நல்லது. அட்டையைக் கழற்றிக் கோளாறு எது என்று காட்டினாலே பாதி வேலை முடிந்தது.

திரும்ப மாட்டும்போது

முதலில் கண்ணாடி, பூட்டு, கொக்கி எல்லாம் வேலை செய்கிறதா என்று கதவு திறந்திருக்கும்போதே பாருங்கள். சரிபார்க்காமல் கதவைச் சாத்திவிட்டால், திறக்க முடியாமல் அவதிப்பட நேரிடும்.

அடுத்து பாலிதீன் தாள். அதன் கீழ்முனை கதவின் உள்தகட்டுக்கு உள்ளே போகும்படி செருகுங்கள். அப்போதுதான் தாளில் வழியும் தண்ணீர் கதவுக்குள்ளேயே விழும். தாள் கிழிந்திருந்தால் கெட்டியான பாலிதீன் தாளை அதே அளவில் வெட்டி, தண்ணீர் தாங்கும் பசையால் ஒட்டலாம். பிறகு அட்டையை வைத்து, கிளிப்புகளை உள்ளங்கையால் தட்டிப் பொருத்துங்கள். கைப்பிடியில் ஸ்பிரிங்கை முதலில் மாட்டி, குறித்து வைத்த பக்கம் பார்க்கும்படி அழுத்துங்கள். சத்தம் கேட்டால் பிடித்துவிட்டது.

எச்சரிக்கை: மின்சாரத்தில் இயங்கும் கண்ணாடி என்றால், முதலில் பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்ற வேண்டும். கதவு அட்டையை எடுத்தபின் வயர்களை இழுக்காமல் பிளக்கில் பிடித்துப் பிரிக்கவும். காற்றுப்பை உள்ள புதிய கார்களில் நாமாகக் கை வைக்க வேண்டாம்.

சகோதரிகளே, எல்லா வேலையையும் நாமே செய்ய வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. வேலையை வெளியே கொடுத்தாலும், "பாலிதீன் தாளைத் திரும்ப ஒட்டினீங்களா? அடி ஓட்டையைச் சுத்தம் பண்ணீங்களா?" என்று கேட்டு வாங்குங்கள். அந்த இரண்டு கேள்வியைக் கோடையிலேயே கேட்டிருந்தால் எங்கள் பேரேடு நனைந்திருக்காது.

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

1. கதவுக்குள் போகும் மழைத் தண்ணீர் எந்த வழியாக வெளியேறுகிறது?
2. அட்டை வராமல் பிடித்தால் முதலில் என்ன செய்ய வேண்டும்?
3. நம் குழுவின் நோட்டுகளைக் கொண்டுபோகும் பை மழைக்குத் தாங்குமா?