சுற்றுகிறது, ஆனால் எடுக்கவில்லை

விடியற்காலை ஐந்தரை மணி. ஜொகூரின் கூலாயில் எங்கள் அடுக்குமாடியின் கீழே யாரோ சாவியைத் திருப்புகிறார்கள். ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றுகிறது, என்ஜின் எடுக்கவில்லை. மறுபடியும் திருப்புகிறார்கள். நான்காவது முறைக்குள் மூன்று பேர் கைலியோடு இறங்கி வந்துவிடுவார்கள். "பேட்ரிதான் தம்பி, மாத்திடு" என்பார் ஒருவர். "பம்ப் போச்சு" என்பார் இன்னொருவர். "தள்ளிப் பாக்கலாம் வாங்க" என்று மூன்றாமவர் பின்பக்கம் போவார். எல்லாரும் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் யாரும் பானட்டைத் திறந்து ஒரு பிளக்கைக் கழற்றிப் பார்ப்பதில்லை.

இதை நான் எழுத உட்கார்ந்ததற்கு எங்கள் பக்கத்துப் பழைய கார்கள்தான் காரணம். மிட்சுபிஷி லான்சர் ஃபியோரேவை அடிப்படையாகக் கொண்ட முதல் புரோட்டோன் சாகா 1985 ஜூலை 9 அன்று வெளிவந்தது. 1992இல் இஸ்வாரா, 1993இல் வீரா, 1994இல் பெரோடுவா கஞ்சில் என்று வரிசையாக வந்தன. செகாமட்டிலும் குளுவாங்கிலும் மாசாயிலும் இவற்றில் பலவற்றை இன்றும் பார்க்கலாம். பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது கை மாறி வந்தவை. வேலைக்குச் சேர்ந்த பிள்ளையின் முதல் கார், அல்லது ஓய்வு பெற்றவரின் கடைசிக் கார். அந்த வீட்டில் தேவையில்லாமல் ஒரு பேட்ரியும் ஒரு பம்பும் வாங்குவது, ஒரு மாதத்து மளிகைக் கணக்கையே தொடும்.

பெட்ரோல் என்ஜின் எடுக்க மூன்று விஷயம் வேண்டும்: காற்றோடு கலந்த பெட்ரோல், நல்ல தீப்பொறி, சரியான நேரத்தில் அழுத்தம். ஸ்டார்ட்டர் என்ஜினைச் சுற்றித்தான் விடும். அந்த மூன்றில் எது வரவில்லை என்று கண்டுபிடிப்பதுதான் நம் வேலை. அப்படித் தேடுவதற்குப் பதிலாக நாம் காலங்காலமாகக் கேட்டு நம்பிவந்த சிலவற்றைப் பார்ப்போம்.

"ஸ்டார்ட் ஆகலன்னா பேட்ரிதான்."

ஸ்டார்ட்டர் விறுவிறுவென்று சுற்றினால், பேட்ரி தன் கடினமான வேலையைச் செய்துவிட்டது என்று பொருள். நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும் ஸ்டார்ட்டருக்கே கொடுக்க முடிந்த பேட்ரிக்கு, ஒரு பிளக்கில் பொறி எழுப்ப முடியாமல் போகாது. ஆனால் இதன் மறுபக்கமும் உண்டு. சிலர் "சுத்துதே, அப்போ பேட்ரி நல்லாதான் இருக்கு" என்று அத்தோடு விட்டுவிடுவார்கள். மெதுவாக, முனகிக்கொண்டு சுற்றினால் கதை வேறு. அப்போது வோல்ட் இறங்கிப்போய், இக்னிஷனுக்கும் என்ஜின் கம்ப்யூட்டருக்கும் போதுமான மின்சாரம் கிடைக்காது. ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் சாதாரண மல்டிமீட்டர் ஒன்று போதும். ஓய்வில் 12.6 வோல்ட் இருந்தால் பேட்ரி நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. சுற்றும்போது 9.6க்குக் கீழே விழுந்தால் பேட்ரியையும், அதற்கு முன்பு அதன் முனைகளில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியையும் பாருங்கள்.

தள்ளுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தள்ளினால் என்ஜின் சுற்றும். அதைத்தான் ஸ்டார்ட்டர் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறது. பேட்ரி தளர்ந்த மேனுவல் காருக்குத் தள்ளல் உதவும். ஆட்டோ கியர் காரைத் தள்ளிப் பயனில்லை. தீப்பொறி இல்லாத காரைத் தள்ளிக்கொண்டே போனால், எரியாத பெட்ரோல் புகைக்குழாய் வழியாகப் போய், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உள்ள காரில் அதைக் கெடுக்கும்.

"பம்ப் சத்தம் கேக்கல, பம்ப் போச்சு."

இந்த ஒரு வரியை நம்பி மாற்றப்பட்ட நல்ல பம்புகள் ஏராளம். கார்புரேட்டர் வைத்த பழைய சாகாவில் மின்சார பம்பே கிடையாது. என்ஜினோடு சேர்ந்து இயங்கும் இயந்திர பம்ப் அது. சாவியை எத்தனை முறை திருப்பினாலும் 'உம்ம்' என்ற சத்தம் வராது. ஃபியூல் இன்ஜெக்‌ஷன் வந்த பிறகும் எல்லாக் கார்களும் சாவியைத் திருப்பியதும் பம்பை ஓட்டுவதில்லை. சிலவற்றில் ஸ்டார்ட்டர் சுற்றும்போதுதான் பம்ப் ஓடும், அந்தச் சத்தத்தில் பம்ப் சத்தம் அமுங்கிவிடும். பெட்ரோல் முள்ளையும் முழுதாக நம்பாதீர்கள். முப்பது வருட மிதவை, கால் டேங்கிலேயே சிக்கிக்கொண்டு நிற்கும். 

பெட்ரோல் வருகிறதா என்ற கேள்விக்குக் காதைவிட மூக்கும் கண்ணும் நன்றாகப் பதில் சொல்லும். என்ஜின் ஆறியிருக்கும்போது சாவியை அணைத்துவிட்டு, ஒரு பிளக் வயரை அதன் ரப்பர் மூடியைப் பிடித்துக் கழற்றுங்கள். வயரைப் பிடித்து இழுத்தால் உள்ளே இருக்கும் நார் அறுந்துவிடும். பிளக்கைச் சுற்றிய குழியில் மண் இருந்தால் ஊதிச் சுத்தப்படுத்துங்கள், இல்லாவிட்டால் அது சிலிண்டருக்குள் போகும். பிறகு பிளக் சாவியால் திருகி எடுங்கள். அந்த நுனியை வெளிச்சத்தில் பாருங்கள், முகர்ந்து பாருங்கள்.

பளபளவென்று ஈரமாக, பெட்ரோல் வாடையோடு இருந்தால் பெட்ரோல் வந்துவிட்டது. பம்பைக் குறை சொல்ல இடமில்லை. தீப்பொறி வரவில்லை, அல்லது பெட்ரோல் மிதமிஞ்சி வந்து பிளக்கை நனைத்துவிட்டது. காய்ந்து, வாடையே இல்லாமல் இருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை. அப்போதும் உடனே பம்பை மாற்றிவிடாதீர்கள். முதலில் ஃபியூஸ், பிறகு பம்புக்கு மின்சாரம் கொடுக்கும் ரிலே, பிறகு ஃபில்டர். இன்னொன்றும் இங்கே கவனிக்க வேண்டும். இன்ஜெக்‌ஷன் காரில், என்ஜின் சுற்றுகிறது என்று சென்சார் சொன்னால்தான் கம்ப்யூட்டர் பெட்ரோலைத் தெளிக்கும், பொறியையும் விடும். பல பழைய கார்களில் அந்த சென்சார் டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே பிளக்கும் காய்ந்திருக்கிறது, பொறியும் இல்லை என்றால், இரண்டையும் ஒரே நேரத்தில் நிறுத்தக்கூடிய ஒன்றைத்தான் தேட வேண்டும்: சென்சார், மெயின் ரிலே, அல்லது அறுந்த டைமிங் பெல்ட்.

ஈரமான பிளக் என்றதும் வழக்கமான இன்னொரு யோசனை வரும். "ஆக்சிலேட்டர நாலஞ்சு தடவ நல்லா மிதி." கார்புரேட்டர் காரில் ஒவ்வொரு மிதிக்கும் ஒரு பீச்சு பெட்ரோல் உள்ளே போகும். குளிர்ந்த என்ஜினுக்கு ஓரிரு மிதி உதவும். ஆனால் ஏற்கெனவே நனைந்த பிளக்கை அதுவே மேலும் மூழ்கடிக்கும். பெட்ரோல் அதிகமாகிவிட்டது என்று தெரிந்தால் பெடலை அடிவரை அழுத்தி, விடாமல் பிடித்துக்கொண்டு சுற்றுங்கள். காற்று நிறையப் போய் உள்ளே காயும். பெரும்பாலான இன்ஜெக்‌ஷன் கார்களில் இப்படி அழுத்திப் பிடித்தால் கம்ப்யூட்டரே பெட்ரோலை நிறுத்திவிடும். ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் சுற்றாதீர்கள். ஸ்டார்ட்டர் ஆற அரை நிமிடமாவது விடுங்கள்.

அடுத்ததைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். கார்புரேட்டர் வாயில் பாட்டிலால் பெட்ரோல் ஊற்றிக்கொண்டே மற்றவரைச் சாவி திருப்பச் சொல்லாதீர்கள். என்ஜின் பின்வாங்கி ஒருமுறை துப்பினால் அந்த நெருப்பு நேரே முகத்துக்கு வரும், கையில் இருக்கும் பாட்டிலுக்கும் வரும். தோட்டத்தில் இதை எத்தனையோ பேர் செய்து ஒன்றும் ஆகவில்லை என்பார்கள். ஆனவர்கள் வந்து சொல்ல மாட்டார்கள்.

தீப்பொறி பார்ப்பதிலும் ஒரு பழைய பழக்கம் உண்டு. வயரைக் கையில் பிடித்து, என்ஜின் உடம்புக்குப் பக்கத்தில் காட்டி, 'டிக் டிக்' என்று பொறி தாவுகிறதா என்று பார்ப்பது. அந்த வயரில் ஓடுவது இருபதாயிரம் வோல்ட்டுக்கும் மேல். இதயக் கோளாறு உள்ளவருக்கு அது விளையாட்டல்ல. போக வழியில்லாத அந்த மின்சாரம் இக்னைட்டர், காயில் இவற்றையும் எரித்துவிடலாம். ஒரு கோளாறோடு போன கார் இரண்டு கோளாறோடு திரும்பும். ஒரு பழைய பிளக்கை வயரில் மாட்டி, அதன் இரும்பு உடம்பை ஜம்பர் வயரால் என்ஜினோடு இறுகக் கட்டிவிட்டு, பக்கத்தில் பெட்ரோல் சிந்தியிருக்கவில்லை என்று பார்த்துக்கொண்டு, கையை எடுத்துவிட்டுச் சுற்றச் சொல்லுங்கள். நீலமாக, அழுத்தமாக அடிக்கும் பொறி நல்லது. மஞ்சளாக, விட்டுவிட்டு வரும் பொறி பலவீனம்.

"வெயில்ல பெட்ரோல் ஆவியாயிடுச்சு, ஈரத் துணி போடு."

இதில் நானே பல மாதம் ஏமாந்திருக்கிறேன். எங்கள் பழைய கார் காலையில் ஒரே திருப்பில் எடுக்கும். ஜொகூர் பாருவுக்கு ஓட்டிப் போய், மத்தியான வெயிலில் பத்து நிமிடம் நிறுத்திவிட்டு வந்தால் சுற்றும், எடுக்காது. யாரோ சொன்னபடி பெட்ரோல் குழாய் மேல் ஈரத் துணி போட்டுவிட்டு, நிழலில் நின்று காத்திருப்பேன். இருபது நிமிடத்தில் எடுத்துவிடும். துணிதான் வைத்தியம் என்று நம்பினேன். காரின் பின்பெட்டியில் ஒரு துண்டும் ஒரு பாட்டில் தண்ணீரும் எப்போதும் இருக்கும். ஒரு ஒர்க்‌ஷாப்பில் பேட்ரி மாற்றினார்கள், அடுத்த மாதம் பம்ப் மாற்றினார்கள். கோளாறு மட்டும் மாறவில்லை.

கடைசியில் ஒரு வயதான பொமன், அதாவது மெக்கானிக், என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "துணி போடாம இருபது நிமிஷம் சும்மா நின்னு பாத்திருக்கியா தம்பி?" நான் பார்த்ததில்லை. அன்று அவர் டேஷ்போர்டுக்கு அடியில் கைவிட்டு மெயின் ரிலேயைக் கழற்றி, பிளாஸ்டிக் மூடியைப் பிரித்து, பலகையைத் திருப்பிக் காட்டினார். சிறிய ஈய முத்துகளில் ஒன்றைச் சுற்றி, முடி அளவுக்கு ஒரு கறுப்பு வளையம். ஈயம் விரிசல் விட்டிருந்தது. உள்ளே வெப்பம் ஏறினால் விரிசல் பிரிந்து மின்சாரம் நிற்கும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். சூட்டுக்கோலைக் காய்ச்சி அந்த இடத்தில் புது ஈயம் வைத்தார். துண்டு இப்போது வீட்டில் இருக்கிறது.

பெட்ரோல் ஆவியாவது பொய்யல்ல. குறைந்த அழுத்தத்தில் பெட்ரோல் அனுப்பும் கார்புரேட்டர் காரில் அது நடக்கக்கூடியதுதான். ஆனால் மூன்று பார் அழுத்தத்தில் குழாய்க்குள் நிற்கும் இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் அவ்வளவு எளிதில் கொதிக்காது. சூட்டில் மட்டும் எடுக்காத இன்ஜெக்‌ஷன் காரில் ரிலே, இக்னைட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் சென்சார் ஆகியவற்றை முதலில் சந்தேகப்பட வேண்டும். கோளாறு இருக்கும் அந்த நிமிடத்திலேயே அவற்றைச் சோதிக்க வேண்டும். ஆறிய பிறகு ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனால் எல்லாம் சரியாக இருக்கும்.

மெயின் ரிலேயைப் பற்றி ஒரு குறிப்பும் உண்டு. சாவியைத் திருப்பியதும், ஸ்டார்ட் செய்வதற்கு முன், என்ஜின் விளக்கு எரிய வேண்டும். "என்ஜின் விளக்கு எரியல, அதனால கம்ப்யூட்டர் நல்லா இருக்கு" என்று பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். அந்த நேரத்தில் விளக்கு எரியாவிட்டால், பல்பு போயிருக்கலாம், அல்லது மெயின் ரிலே வழியாகக் கம்ப்யூட்டருக்கு மின்சாரமே போகவில்லை.

ஸ்கேனர் மாட்டினால் எல்லாம் தெரிந்துவிடும் என்பதும் முழு உண்மையல்ல. 90களின் கார்கள் பலவற்றில் இன்றைய ஸ்கேனர் பொருந்தவே பொருந்தாது. விளக்கு எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ணித்தான் கோட் படிக்க வேண்டும். ஓடாத பம்புக்கும் அடைத்த ஃபில்டருக்கும் அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் பெரும்பாலும் கோட் எதையும் தராது.

டைமிங் பெல்ட்டைக் காது கண்டுபிடிக்கும். வழக்கமாக ஸ்டார்ட்டர் சத்தத்தில் ஏற்ற இறக்கம் இருக்கும். ஒவ்வொரு சிலிண்டரும் அழுத்தும்போது ஒரு திணறல். பெல்ட் அறுந்தால் அந்தத் திணறல் போய், தையல் மெஷின் போல ஒரே சீராக, வேகமாகச் சுற்றும். சந்தேகம் வந்தால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்துவிட்டு ஒருவரைச் சுற்றச் சொல்லுங்கள். கேம்ஷாஃப்ட் ஓட்டும் டிஸ்ட்ரிபியூட்டரில், உள்ளே இருக்கும் ரோட்டர் அசையாமல் நின்றால் பெல்ட் போய்விட்டது. அதற்கு மேல் ஒருமுறைகூடச் சுற்றாதீர்கள். சில என்ஜின்களில் வால்வு பிஸ்டனில் இடித்து வளையும்.

திருட்டுப் பயத்தில் பழைய கார்களுக்கு அலாரமும், சீட்டுக்கு அடியில் ரகசிய கட்-ஆஃப் சுவிட்சும் வைத்த காலம் ஒன்று இருந்தது. காரை விற்றவர் அதைச் சொல்ல மறந்திருப்பார். வாங்கியவரின் பிள்ளை காலால் தட்டிவிட்டிருக்கும். நன்றாகச் சுற்றும், எடுக்காது. டோ லாரியைக் கூப்பிடும் முன் சீட்டுக்கு அடியிலும் டேஷ்போர்டின் கீழும் ஒரு முறை கையால் தடவிப் பாருங்கள்.

மழைக்காலத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். நவம்பரிலிருந்து மார்ச் வரை வடகிழக்குப் பருவமழையில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் புகுந்து பொறி வழிமாறிப் போகும். மூடியைக் கழற்றி உலர்ந்த துணியால் துடைத்தால் பல கார்கள் எடுத்துவிடும். மூடியில் பென்சில் கோடு போல ஒரு கறுப்புக் கீறல் தெரிந்தால் துடைப்பது போதாது, மூடியை மாற்ற வேண்டும்.

ஆனால் வெள்ளத்தில் நின்ற கார் வேறு. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூரில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேற வேண்டி வந்தது. 2023 மார்ச்சில் யோங் பெங்கும் பத்து பஹாட்டும் மூழ்கின. தண்ணீர் வடிந்ததும் பலரும் முதலில் செய்வது, "ஒரு தடவ அடிச்சுப் பாப்போம்" என்று சாவியைத் திருப்புவது. பெட்ரோல் ஆவியும் காற்றும் அழுத்தினால் சுருங்கும். தண்ணீர் சுருங்காது. சிலிண்டருக்குள் ஒரு டம்ளர் தண்ணீர் இருந்தாலே, மேலே வரும் பிஸ்டன் அதில் மோதி, கனெக்டிங் ராடு வளைந்துவிடலாம். பேட்ரி முனையைக் கழற்றி வைத்துவிட்டு, ஆயில் குச்சியை உருவிப் பாருங்கள். பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. எல்லா பிளக்குகளையும் கழற்றிவிட்டு, கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் வைத்து என்ஜினைக் கையால் மெல்லத் திருப்புங்கள். தண்ணீர் இருந்தால் பிளக் துளை வழியாக அது வெளியே தெறிக்கும். அப்போது துளைக்கு நேரே முகத்தை வைக்காதீர்கள்.