முன்முடியைக் காப்போம்: இறுக்கிக் கட்டும் கூந்தலும் நெற்றியோர முடியிழப்பும்

கூந்தலைப் பின்னி முடிப்பது நம் வீடுகளில் தலைமுறைகளாகத் தொடரும் பழக்கம். பின்னிய முடியில் சிக்கு விழுவதில்லை. வெயிலும் தூசியும் நுனியை எளிதில் தாக்குவதில்லை. சமையலறையிலும் பேருந்திலும் பணியிடத்திலும் அது இடையூறு செய்வதில்லை. பள்ளிச் சிறுமியின் ரெட்டைச் சடையும் செவிலியரின் கொண்டையும் நடனக் கலைஞரின் நீண்ட பின்னலும் முடியைப் பாதுகாப்பவை என்றே கருதப்படுகின்றன. அக்கருத்தில் பெரும்பகுதி உண்மையே. ஆயினும், தோல் மருத்துவப் பிரிவுக்கு வருவோரில் சிலருக்கு நெற்றியின் மேல் விளிம்பிலும் காதோரங்களிலும் முடி அருகிப்போயிருப்பதைக் காண்கிறோம். இவர்களில் பலருக்குக் காரணம், நாள்தோறும் முடியைப் பின்னோக்கி இறுக்கிக் கட்டியதே.

இவ்வகை முடியிழப்பைத் தொடக்கத்திலேயே கண்டறிந்தால் பெரும்பாலும் முழுமையாக மீட்கலாம். பல ஆண்டுகள் கவனியாது விட்டால், எந்த மருந்தாலும் மீட்க இயலாத நிலை உருவாகலாம். எனவே இதனை முதலில் கண்டறிய வேண்டியவர்கள் மருத்துவர்கள் அல்லர். நாள்தோறும் தலைவாரிவிடும் தாய்மாரும், கண்ணாடி முன் நிற்கும் நீங்களுமே.

இழுவை முடியிழப்பு என்பது யாது?

மயிர்க்கால்கள் நீண்டகாலம் தொடர்ந்து இழுக்கப்படுவதால் உண்டாகும் முடியிழப்பை மருத்துவர்கள் ‘டிராக்ஷன் அலோபீசியா’ என்பர். தமிழில் ‘இழுவை முடியிழப்பு’ எனலாம். இது ஒரு நாட்டுக்கோ ஓர் இனத்துக்கோ உரியதன்று. முடியைப் பின்னோக்கி இழுத்து இறுகக் கட்டி வந்த கிரீன்லாந்துப் பெண்களிடம் இத்தகைய முடியிழப்பு காணப்பட்டதை ஆஸ்திரிய மருத்துவர் டிரெபிட்ஷ் 1907-ஆம் ஆண்டிலேயே பதிவு செய்தார். இன்று இது மிகுதியாக ஆராயப்படுவது ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண்களிடமாகும். சுருள்முடி சிக்காமலும் ஒடியாமலும் இருக்க அவர்கள் தலையோடு ஒட்டிய சிறுசிறு பின்னல்களைப் போடுவதுண்டு. இணைமுடி சேர்த்துப் பின்னுவதும் உண்டு. தென்னாப்பிரிக்காவில் நடந்த ஆய்வு ஒன்றில், வயது வந்த பெண்களுள் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு இப்பாதிப்பு காணப்பட்டது. தலைப்பாகையின் கீழ் நீள்முடியை இறுக முடிந்துகொள்ளும் சீக்கிய ஆண்களிடமும் இது அறியப்பட்டதே. முடியின் தன்மை எதுவாயினும், இழுப்பு நீடித்தால் விளைவு ஒன்றே.

தண்டுக்கு நன்மை, வேருக்குச் சுமை

பாதுகாப்பெனக் கருதும் கட்டு எவ்வாறு தீங்காகிறது? முடிக்கு இரு பகுதிகள் உண்டு. தோலுக்கு வெளியே நாம் காணும் தண்டு உயிரற்றது. தோலுக்குள் புதைந்திருக்கும் மயிர்க்கால் உயிருள்ளது; புதிய முடியை உருவாக்குவது அதுவே. பின்னலும் கொண்டையும் தண்டின் நுனியை உராய்வினின்று காக்கின்றன. ஆனால் அக்கட்டு இறுக்கமாக இருப்பின், அதன் சுமை முழுவதையும் மயிர்க்காலே தாங்குகிறது. நுனி நலமாக இருக்க, வேர் நலிந்துகொண்டிருக்கும்.

நெற்றியோரம் முதலில் பாதிக்கப்படுவதற்குக் காரணங்கள் உண்டு. அங்குள்ள முடி உச்சியிலுள்ள முடியை விட மெல்லியது. முன்நெற்றி முடி இயல்பாக முன்னோக்கி வளர்வது. அதனைப் பின்னோக்கி வாரும்போது வளரும் திசைக்கு எதிராகவே இழுக்கிறோம். மேலும், கட்டப்பட்ட முடிக்கற்றையின் விளிம்பில் இருப்பவை இந்த முடிகளே. தலையை அசைக்கும் ஒவ்வொரு முறையும் இழுப்பு முதலில் அவற்றின்மீது விழுகிறது.

ஒருநாள் இழுப்பை மயிர்க்கால் தாங்கிக்கொள்ளும். நாள்தோறும் பல மணி நேரம் இழுபடும்போது அதனைச் சுற்றி அழற்சி தோன்றுகிறது. வளரும் பருவத்திலிருந்த முடி காலத்துக்கு முன்பே ஓய்வுப் பருவத்துக்குச் சென்று உதிர்கிறது. மீண்டும் முளைக்கும் முடி முன்னையதினும் மெலிந்திருக்கும். இது ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் மயிர்க்கால் இருந்த இடத்தில் வடுத்திசு அமைந்துவிடும். அதன்பின் அங்கு முடி முளைக்க இடமில்லை.

யார் மிகுந்த கவனம் கொள்ள வேண்டும்?

நாள்தோறும் ஒரே இடத்தில் இறுக்கமான சடையோ குதிரைவாலோ கொண்டையோ போடுவோர் அனைவரும் கவனம் கொள்ள வேண்டும். சவுரி வைத்துப் பின்னுவோருக்கும் இணைமுடி பொருத்துவோருக்கும் எடை கூடுவதால் ஆபத்தும் கூடுகிறது. முடியை நேராக்கும் இரசாயனங்களைப் பயன்படுத்தியபின் இறுக்கிக் கட்டுவது இருமடங்கு தீங்கு. தலைக்கு முக்காடோ தொப்பியோ அணிவதால் இந்நோய் வருவதில்லை. ஆனால் அதன் உள்ளே முடியை இறுக முடிந்து, நெற்றியோரத்தில் ஊசிகளைக் குத்தி நிறுத்தினால் வரலாம்.

ஏற்கெனவே முடி நலிந்திருப்போரை இழுப்பு விரைவில் தாக்கும். மகப்பேற்றுக்குப் பின் சில மாதங்களில் முடி மிகுதியாக உதிரும் தாய்மார், டெங்கு, டைஃபாய்டு முதலிய கடுங்காய்ச்சலிலிருந்து மீண்டோர், இரும்புச் சத்துக் குறைவோ தைராய்டு கோளாறோ உள்ளோர், புற்றுநோய் சிகிச்சைக்குப் பின் புதுமுடி முளைத்து வருவோர் ஆகியோர் இதில் அடங்குவர்.

தொடக்க அடையாளங்கள்

வலிதான் முதல் எச்சரிக்கை. தலைவாரி முடித்தபின் நெற்றியோரம் வலிப்பது, புருவத்தை உயர்த்தும்போது தோல் இழுபடுவது, மாலையில் சடையை அவிழ்த்தவுடன் தலைவலி குறைவது ஆகிய யாவும் கட்டு இறுக்கமாக இருப்பதைக் காட்டுகின்றன. ‘பழகிவிட்டால் வலிக்காது’ என்று பிள்ளைகளுக்குச் சொல்வதுண்டு. வலி பழகலாம், மயிர்க்கால் பழகுவதில்லை.

அடுத்து, கண்ணால் காணத்தக்கவை. கட்டிய முடியின் அடியில் தோல் சிறு கூடாரம் போல் எழும்பி நிற்கும். மயிர்க்கால்களைச் சுற்றிச் சிவந்த சிறு பருக்களோ சீழ்க்கொப்புளங்களோ தோன்றும். முடித்தண்டைச் சுற்றி வெண்ணிறக் குழல் போன்ற செதில்கள் காணப்படலாம். பலர் இவற்றை ஈர் என்று கருதிப் பேன் மருந்து போடுவர். ஈர் முடியோடு இறுக ஒட்டியிருக்கும். இச்செதில்களோ விரலால் நகர்த்தினால் தண்டின்மேல் எளிதில் வழுக்கிச் செல்லும்.

பின்னர் காதோரத்திலும் நெற்றிப்பொட்டிலும் முடி அருகத் தொடங்கும். இதில் ஓர் அடையாளம் கவனிக்கத்தக்கது. முடியிழந்த பகுதிக்கு முன்னால், பழைய விளிம்பு இருந்த இடத்தில், மெல்லிய குட்டைமுடிகள் ஒரு வரிசையாக எஞ்சி நிற்கும். அவை கட்டுக்குள் அகப்படாத அளவு குறுகியவை. ஆகவே இழுப்பிலிருந்து தப்பியவை.

இக்கட்டத்தில்தான் பலர் தீய சுழலொன்றில் சிக்குகின்றனர். வெற்றிடத்தை மறைக்க, அருகிலுள்ள முடியை எண்ணெய் இட்டுப் படிய வாரி இன்னும் இறுக்கமாகக் கட்டுவர். வெற்றிடம் மேலும் அகலும். கட்டு மேலும் இறுகும்.

எல்லா முடியிழப்பும் இதுவன்று

வகிடு அகன்றுகொண்டே போவது பெரும்பாலும் பரம்பரை சார்ந்த முடியிழப்பாகும். திடீரென வழவழப்பான வட்டத் திட்டுகள் தோன்றுவது புழுவெட்டு. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு நெற்றியோர முடியுடன் புருவமுடியும் மறைவது வேறொரு வடு நோயாக இருக்கலாம். குழந்தையின் தலையில் செதிலும் உடைந்த முடியும் கொண்ட திட்டு, பூஞ்சைத் தொற்றாக இருக்க வாய்ப்புண்டு. ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை வேறு. ஆதலால், கட்டைத் தளர்த்தியும் இழப்பு நிற்காவிடில் நீங்களே முடிவு செய்துகொள்ளாமல் பரிசோதனைக்கு வருக.

கட்டும் முறையில் செய்யத்தக்க மாற்றங்கள்

பின்னலைக் கைவிட வேண்டியதில்லை, தளர்த்தினால் போதும். முதல் மூன்று நான்கு பிரிகளைத் தளர்வாகப் பின்னி, அதன்பின் வேண்டுமானால் சற்று இறுக்கலாம். பின்னி முடித்ததும் நெற்றியோர முடியின் கீழ் ஒரு விரல் தடையின்றிச் செல்கிறதா என்று பாருங்கள். புருவத்தை உயர்த்திப் பாருங்கள். வலித்தால் அவிழ்த்து மீண்டும் பின்னுங்கள்.

கட்டின் இடத்தையும் வகிட்டின் இடத்தையும் அடிக்கடி மாற்றுங்கள். உச்சிக் கொண்டையைவிடக் கழுத்தருகே அமையும் தாழ்ந்த தளர்கொண்டை நெற்றியோரத்துக்கு இதமானது. வெறும் ரப்பர் பேண்டைத் தவிர்த்து, துணி சுற்றிய பட்டையையோ ரிப்பனையோ பயன்படுத்துங்கள். நெற்றியோரத்திலுள்ள குட்டைமுடிகளை ஊசியாலும் பசையாலும் அடக்க முயலாதீர்கள். அவை நாளைய முடிகள்.

ஈரமுடி எளிதில் நீண்டு ஒடியும் தன்மையுடையது. தலைக்குக் குளித்தவுடன் இறுகப் பின்னுவதைத் தவிர்க்கவும். ஈரக்கூந்தலின் நுனியில் மட்டும் ஒரு தளர்முடிச்சிட்டு உலரவிடும் நம் பாட்டிமார் வழக்கம் அறிவுக்குப் பொருந்தியதே. சிக்கை நுனியிலிருந்து தொடங்கி, பற்கள் அகன்ற சீப்பால் மேல்நோக்கிப் படிப்படியாக எடுக்கவும். இரவில் கட்டை அவிழ்த்து, தளர்ந்த ஒற்றைப் பின்னலுடன் உறங்குங்கள். பூச்சூடுவோர், சரத்தின் எடை நெற்றிப்பக்க முடியில் தொங்காமல் பின்னலின் அடர்ந்த பகுதியில் அமையுமாறு வைத்துக்கொள்ளவும்.

பள்ளியும் பணியும் மேடையும்

‘விதி இருக்கிறதே, என்ன செய்வது?’ என்பது நாங்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி. பள்ளியோ பணியிடமோ கேட்பது முடி ஒழுங்காகக் கட்டப்பட்டிருப்பதைத்தான். வலிக்குமளவு இழுக்கப்பட்டிருப்பதை அன்று. தளர்ந்த பின்னலும் ஒழுங்கான பின்னலே. மடித்துக் கட்டும் ரெட்டைச் சடையின் மடிப்பைக் காதுக்குப் பின்னால் தாழ்வாக அமைத்தால் காதோர இழுப்பு குறையும். தேவைப்பட்டால் பள்ளிக்கோ நிறுவனத்துக்கோ மருத்துவச் சான்று தருகிறோம். கேட்கத் தயங்க வேண்டாம்.

நடனம் பயிலும் பிள்ளைகளுக்குச் சவுரி, குஞ்சலம், பூ, தலைசாமான் ஆகியவற்றின் மொத்த எடை பல மணி நேரம் தலையில் இருக்கும். அரங்கேற்ற நாளன்று அது தவிர்க்க இயலாதது. நாள்தோறும் நடக்கும் பயிற்சிக்கு அவசியமில்லை. நிகழ்ச்சி முடிந்தவுடன் அலங்காரத்தை அவிழ்த்துவிட்டு, அடுத்த சில நாள்கள் முடிக்கு ஓய்வு கொடுங்கள். மணப்பெண் அலங்காரத்துக்கும் இதுவே பொருந்தும்.

நோயாளியைக் கவனிப்போர்க்கு

படுக்கையிலிருக்கும் நோயாளியின் நீள்முடியைப் பின்தலையில் கொண்டையாக முடிந்துவிடாதீர்கள். முடிச்சும் ஊசியும் தலையணைக்கும் தலைக்கும் இடையே அழுந்தினால் அவ்விடத்தில் முடி உதிரலாம். தோலில் அழுத்தப் புண்ணும் உண்டாகலாம். முடியை இரண்டாகப் பிரித்து, தளர்ந்த இரு பின்னல்களாகத் தோள்களின் முன்புறம் விடுவதே நல்லது. நாள்தோறும் ஒருமுறை அவிழ்த்துச் சிக்கெடுத்து, தலைத்தோலில் சிவப்போ புண்ணோ உள்ளதா என்று பாருங்கள்.

புற்றுநோய் சிகிச்சைக்குப் பின் முளைக்கும் புதுமுடியை முதல் சில மாதங்கள் இழுத்துக் கட்டாமல் இயல்பாக விடவும். பருத்தித் துணியாலான மென்மையான தலைக்குட்டை போதுமானது.

சிகிச்சை என்ன?

முதல் மருந்து, இழுப்பை நிறுத்துவதே. அதனைச் செய்யாமல் எந்த மருந்து இட்டும் பயனில்லை. அழற்சி இருப்பின், பூசும் மருந்தாகவோ சிறு ஊசியாகவோ ஸ்டீராய்டு தரப்படும். சீழ் இருப்பின் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து தேவைப்படலாம். முடிவளர்ச்சிக்கு மினாக்ஸிடில் என்னும் பூச்சு மருந்து சிலருக்குப் பரிந்துரைக்கப்படும். கருவுற்றோரும் பாலூட்டுவோரும் மருத்துவர் அறிவுரையின்றி இதனைப் பயன்படுத்தலாகாது.

பொறுமை வேண்டும். முடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 செ.மீ. அளவே வளர்கிறது, மாற்றம் கண்ணுக்குத் தெரிய 3 முதல் 6 மாதங்கள் ஆகலாம். மாதம் ஒருமுறை, ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் நெற்றியோரத்தைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்தால் முன்னேற்றத்தை அறியலாம். வடு அமைந்துவிட்ட இடத்தில் மருந்து பயன்தராது. சிலருக்கு முடிமாற்று அறுவை சிகிச்சை உதவக்கூடும்.

வெங்காயச் சாறும் பூண்டுச் சாறும் தேய்ப்பதை ஊக்குவிப்பதில்லை. சிவந்திருக்கும் தோலை அவை எரித்துப் புண்ணாக்கக்கூடும். மொட்டையடித்தால் முடி அடர்த்தியாக வளரும் என்பதும் சரியன்று. மழித்தல் மயிர்க்காலை மாற்றுவதில்லை. மொட்டைக்குப் பின் சில குழந்தைகளுக்கு நெற்றியோரம் செழிப்பது, சில மாதங்கள் சடை இல்லாமல் மயிர்க்கால் ஓய்வு பெற்றதாலேயே. அந்த ஓய்வைத் தளர்ந்த பின்னலாலும் கொடுக்கலாம்.

எப்போது வர வேண்டும்?

கட்டைத் தளர்த்திய பின்னும் வலியோ பருக்களோ 2 வாரங்களில் தணியாவிட்டால், நெற்றியோரம் பின்வாங்குவதாகத் தோன்றினால், அவ்விடத்தில் தோல் வழவழப்பாகிச் சிறு துளைகள் கூடத் தெரியாமற் போனால், தாமதியாமல் தோல் மருத்துவப் பிரிவுக்கு வருக. வரும்போது முடியை வழக்கம்போல் கட்டிக்கொண்டே வரவும். எங்கு இழுபடுகிறது என்பதை அப்போதுதான் நேரில் காண இயலும். தலைவாரிவிடுபவர் வேறொருவராயின் அவரையும் உடன் அழைத்து வருக. சிகிச்சையின் பெரும்பகுதி அவர் கையில்தான் இருக்கிறது.