போஸ் என்றால் எந்த போஸ்?

எட்டாம் வகுப்பு விடைத்தாள் ஒன்றில், "தாவரங்களின் உணர்வை ஆராய்ந்த போஸ், பிறகு இந்திய தேசிய இராணுவத்துக்குத் தலைமை தாங்கினார்" என்று இருந்தது. சிவப்பு மையால் அடித்துவிட்டு அடுத்த தாளை எடுத்தேன். மறுநாள் அந்த மாணவன், "ரெண்டு பாடத்துலயும் போஸ்னுதானே டீச்சர் இருக்கு?" என்றான். அவன் பெயரும் போஸ்தான். நேதாஜியின் நினைவாகத் தாத்தா வைத்தது.

அவனிடம் என்ன தவறு? நம் ஊரில் போஸ் என்பது ஒருவருக்கு இட்ட பெயர். வங்காளத்திலோ அது குடும்பப் பெயர். பாசு என்றும் எழுதுவார்கள். இதை நான் சொல்லித் தந்ததே இல்லை. அடுத்த பாடவேளையை இதற்கே ஒதுக்கினேன். கரும்பலகையில் எழுதியவை:

ஜகதீஷ் சந்திர போஸ் (1858–1937): மின்காந்த அலைகளையும், தூண்டலுக்குத் தாவரங்கள் காட்டும் துலங்கலையும் ஆராய்ந்தவர். 1917இல் கொல்கத்தாவில் போஸ் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார்.

சத்யேந்திரநாத் போஸ் (1894–1974): டாக்கா பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோது, 1924இல் தம் கட்டுரையை ஐன்ஸ்டைனுக்கு அனுப்பினார். ஐன்ஸ்டைனே அதை ஜெர்மனில் மொழிபெயர்த்து வெளிவரச் செய்தார். 'போசான்' துகள்கள் இவர் பெயரைத் தாங்குகின்றன.

சுபாஷ் சந்திர போஸ் (1897–1945): கட்டாக்கில் பிறந்தவர். 1943இல் சிங்கப்பூரில் இந்திய சுதந்திர லீக்கின் தலைமையை ஏற்றார். அதை அவரிடம் ஒப்படைத்தவர் ராஷ் பிஹாரி போஸ். இவர் நான்காவது போஸ்!

"எல்லாரும் சொந்தக்காரங்களா டீச்சர்?" என்றாள் ஒரு மாணவி. முதல் மூவரின் தந்தையரும் வேறு வேறு. அவர்களை இணைப்பது கொல்கத்தா பிரசிடென்சி கல்லூரி. அங்கே ஜகதீஷ் பேராசிரியர், சத்யேந்திரநாத் அவருடைய மாணவர், சுபாஷும் அங்கே சில காலம் படித்தவர். வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது.

செயல்பாடு: ஒரு கயிற்றைக் கட்டி, சாணுக்குப் பத்து ஆண்டு என 1850 முதல் 1980 வரை குறியுங்கள். முழுப்பெயர், பிறந்த ஆண்டு, துறை எழுதிய அட்டைகளை மாணவர்களே உரிய இடத்தில் மாட்டட்டும். யார் யாருக்கு மூத்தவர், யார் காலத்தில் யார் வாழ்ந்தார் என்று அவர்களே சொல்லட்டும். அறிவியல், சமூக அறிவியல் ஆசிரியர்கள் சேர்ந்து நடத்தினால் இன்னும் நல்லது.

அடுத்த தேர்வில் அந்த மாணவன் மூவரையும் முழுப்பெயருடன் பிரித்து எழுதியிருந்தான். நானும் இப்போது கரும்பலகையில் 'போஸ்' என்று மட்டும் எழுதுவதில்லை. ஒரு விடையை அடிக்கும் முன், அந்தக் குழப்பம் எங்கே தொடங்கியது என்று ஒரு நிமிடம் யோசிக்கிறேன். பல நேரம் அது என் பாடத்தில்தான் தொடங்கியிருக்கிறது.