கைத்தொலைபேசியும் சாரதியும்

சட்டம் பயில விரும்பும் மாணவர்க்குப் பயன்படுமெனக் கருதி, வண்டி செலுத்துங்கால் கைத்தொலைபேசியைக் கையாளுதலைத் தடுக்கும் பிரித்தானிய விதியின் வரலாற்றை ஈண்டு ஆராய்வாம். நாள்தோறும் தெருவிற் காணுஞ் செயலொன்றைச் சொல்லால் வரையறுத்தல் எத்துணை அரிதென்பதை இவ்வரலாறு நன்கு புலப்படுத்தும்.

மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வண்டி ஐந்து செக்கனில் ஏறத்தாழ 83 மீற்றரைக் கடந்துவிடும். அவ்வைந்து செக்கனும் சாரதியின் கண் தொலைபேசித் திரையிற் பதிந்திருப்பின், அத்தூரம் முழுவதும் வண்டி காண்பாரின்றி ஓடிற்றென்பதே பொருள்.

பெரிய பிரித்தானியாவில் இதற்கெனத் தனி விதி 2003 டிசெம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்குமுன், கவனமின்றி வண்டி செலுத்தல் முதலிய பொதுக் குற்றங்களின்கீழ் மட்டுமே வழக்குத் தொடரலாயிற்று. கையிற் பிடித்த தொலைபேசியைப் பயன்படுத்தல் குற்றமெனப் புதிய விதி கூறிற்று. எனினும் அழைப்பு விடுத்தல், ஏற்றல், செய்தியைக் கொடுத்து வாங்கும் பிறிதொரு தொடர்பு ஆகியவற்றை வைத்தே 'கையிற் பிடித்த' என்பதற்கு வரைவிலக்கணம் வகுத்தது. தொலைபேசி பெரும்பாலும் பேசுதற்கும் குறுஞ்செய்தி விடுத்தற்குமே உதவிய காலமாதலின், அது போதுமென்றே தோன்றியிருக்கும்.

கருவி மாறிற்று, சொல் மாறவில்லை. 2017இல் வடமேற்கு இலண்டனில் விபத்து நிகழ்ந்த இடத்தைக் கடந்து சென்ற சாரதியொருவர், அக்காட்சியைத் தம் தொலைபேசியாற் படம் பிடித்தார். கீழ் நீதிமன்றம் அவரைக் குற்றவாளியெனக் கண்டது. மேன்முறையீட்டில் அத்தீர்ப்பு நீங்கிற்று. அரச தரப்பு உயர் நீதிமன்றத்தை நாடிற்று. 2019 யூலையில் உயர் நீதிமன்றமும் சாரதியின் பக்கமே தீர்த்தது. படம் பிடித்தல் பிறரோடு தொடர்புகொள்ளுஞ் செயலன்று. ஆகவே அது அவ்விதியின் எல்லைக்குள் வாராது என்பது முடிபு.

இஃது என்ன நீதியென வினவுவார் உளர். நாமோ அத்தீர்ப்புச் சரியென்றே கொள்வோம். தண்டனை விதிக்குஞ் சட்டத்தை அதன் சொல் செல்லும் எல்லைக்கு அப்பால் நீட்டுதல் நீதிபதிக்கு உரியதன்று. இன்று தீயவொன்றைத் தடுக்க நீட்டிய சொல்லை நாளை ஏதுமறியாதான்மேலும் நீட்டலாமன்றோ? அத்தகைய செயல், கவனமின்றியோ ஆபத்து விளையுமாறோ வண்டி செலுத்திய குற்றமாகலாமென நீதிபதிகள் உடனே எச்சரித்ததையும் மறத்தலாகாது. குறை சொல்லில் இருந்தது. அதனைத் திருத்த வேண்டியவர் சட்டமியற்றுவோர்.

அவரும் 2022 மார்ச் 25 முதல் திருத்தினர். திரையை ஒளிரச்செய்தல், நேரம் பார்த்தல், படம் பிடித்தல், பாட்டுத் தேடுதல் யாவும், கையிற் பிடித்துச் செய்யின், இப்பொழுது குற்றமே. செவ்விளக்கின்முன் வண்டி நிற்கும்போதும் அவ்வாறே. தண்டம் 2017 மார்ச் தொட்டு 200 பவுண். அனுமதிப்பத்திரத்திற் குற்றப்புள்ளி 6. அனுமதி பெற்று இரண்டாண்டு நிரம்பாதவர் அதனை இழப்பதற்கு அவ்வாறு புள்ளிகளே போதும். அந்நாடு செல்லும் இளைஞர் கருத்திற் கொள்க. விலக்குச் சிலவும் உள. பாதுகாப்பாக நிறுத்த இயலாவிடத்து, ஆபத்து வேளையில் 999 அல்லது 112ஐ அழைக்கலாம். வண்டியை நிறுத்தியவாறு, உணவுச்சாலைப் பலகணியில் தொலைபேசியாற் பணஞ் செலுத்தலாம்.

கையிற் பிடியாது பேசுதலை இவ்விதி தடுக்கவில்லை. இதுவே எமக்கு உடன்பாடற்றது. ரொறன்ரோவில் 699 சாரதிகளை வைத்துச் செய்யப்பட்டு 1997இல் வெளிவந்த ஆராய்ச்சி, தொலைபேசியைப் பயன்படுத்தும் வேளையில் மோதல் நிகழும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்காதலைக் கண்டது. கையிற் பிடியாத தொலைபேசி அதனினும் பாதுகாப்பானதென அதிற் புலப்படவில்லை. பேச்சு ஈர்ப்பது கையையன்று, கருத்தையே. 2019 ஆகஸ்டில் பாராளுமன்றப் போக்குவரத்துக் குழு இத்தடையையும் ஆராயுமாறு வேண்டிற்று, அரசாங்கம் உடன்படவில்லை. நடைமுறையில் இடருண்டென்பது உண்மையே. தனியே வண்டியிலிருந்து உதடசைப்பவர் பேசுகின்றாரா, பாடுகின்றாரா என்பதைத் தெருவோரத்துக் காவலர் எங்ஙனம் அறிவர்?