தலைகீழாகவும் பறக்கும் இறக்கை

நடிகர் அஜித் குமாருக்கு ரிமோட் விமானங்களில் உள்ள ஈடுபாடு தமிழ் பேசும் எல்லா ஊர்களுக்கும் தெரிந்த செய்தி. கிழக்கிலங்கையின் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர்ப் பக்கங்களில் அந்தச் செய்தியோடு ஒட்டிக்கொண்டு ஒரு முடிவும் வந்து சேர்ந்திருக்கிறது: இது காசுக்காரர் விளையாட்டு, எஞ்சினியர்மார் வேலை, நமக்கு எட்டாது. செய்தியின் மறுபாதி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 2018இல் அஜித் ஆலோசகராகச் சேர்ந்த ‘தக்ஷா’, சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தின் மாணவர் அணி. அதே ஆண்டு அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் அந்த அணி இரண்டாமிடத்துக்கு வந்தது. இராமேஸ்வரம் கடற்கரையில் பிறந்த அப்துல் கலாம் விமானப் பொறியியல் படித்ததும் அந்த வளாகத்தில்தான்.

இன்னும் பின்னே போனால், அமெரிக்காவின் கலமசூ நகரத்து இரட்டைச் சகோதரர்கள் வோல்ட்டர் குட், வில்லியம் குட் இருக்கிறார்கள். 1937இல் வானொலி அலையால் இயக்கி ‘கஃப்’ என்ற மாதிரி விமானத்தைப் பறக்கவிட்டவர்கள். கடையில் போய் வாங்க அன்று பெட்டி எதுவும் கிடையாது. விமானத்தையும் கருவியையும் கையால்தான் செய்தார்கள். அது இன்று வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

காசு வேண்டும்தான். ரிமோட், மோட்டார், சேர்வோ, பற்றரி ஆகியவற்றை வாங்கத்தான் வேண்டும். ஆனால் உடல் கட்ட எக்குவடோர் நாட்டு பல்சா மரமே வேண்டும், ரெஜிபோம் நுரையில் செய்தால் பறக்குமே தவிரக் கரணம் போடாது என்று ஒரு பேச்சு உண்டு. அது பிழை. சர்வதேச விமான விளையாட்டுச் சம்மேளனமான எஃப்.ஏ.ஐ. நடத்தும் உள்ளரங்கக் கரணப் போட்டிகளில் வரும் விமானங்கள் மெல்லிய நுரைத் தகட்டில் வெட்டி, கார்பன் குச்சிகளால் இழுத்துக் கட்டியவை. நூறு கிராமுக்கும் குறைந்த எடை. அவை செய்யாத கரணம் இல்லை. ரெஜிபோமில் கவனிக்க வேண்டியது பசைதான். சாதாரண சுப்பர் குளூ அதைத் தின்றுவிடும். ஒட்டிய இடம் கண்முன்னே குழியாகும். எபொக்ஸியோ நுரைக்கென்றே வரும் பசையோ போட வேண்டும்.

அந்தத் தட்டையான இறக்கைகள் இன்னொரு பழைய நம்பிக்கையையும் உடைக்கின்றன. விமானம் பறப்பதற்கு நம் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்லும் காரணம் இது: இறக்கையின் மேற்பக்கம் வளைந்திருக்கிறது, ஆகவே மேலே போகும் காற்றுக்குத் தூரம் கூட, கீழே போன காற்றைப் பின்விளிம்பில் அதே நேரத்தில் போய்ப் பிடிக்க அது வேகமாக ஓடுகிறது, அதனால் அழுத்தம் குறைகிறது. இதில் அழுத்தம் குறைவதும் மேற்காற்று வேகமாக ஓடுவதும் உண்மை. மேற்காற்றும் கீழ்க்காற்றும் ஒரே நேரத்தில் சந்திக்க வேண்டும் என்பது மட்டும் எந்த விதியிலும் இல்லை. காற்றுச் சுரங்கத்தில் புகை விட்டுப் பார்த்தால், மேலே போன காற்று முந்திக்கொண்டே வந்து சேர்கிறது. இறக்கை வரும் காற்றைச் சற்றுச் சாய்வாக எதிர்கொண்டு கீழ்நோக்கித் திருப்பிவிடுகிறது. அந்தச் சாய்வுதான் தாக்குகோணம். காற்று கீழே தள்ளப்படும்போது இறக்கை மேலே தள்ளப்படுகிறது.

கரணம் போடும் விமானங்களின் இறக்கை மேலும் கீழும் ஒரே அளவாக வளைந்திருப்பது இதனால்தான். வளைவு மட்டுமே தூக்குகிறது என்றால் இப்படிப்பட்ட இறக்கை தரையை விட்டே எழும்பக் கூடாது. அதுவோ நிமிர்ந்தும் தலைகீழாகவும் ஒரே மாதிரிப் பறக்கிறது. 1960இல் சுவிட்சர்லாந்தின் டூபென்டோர்ஃபில் நடந்த, ரிமோட் விமானங்களுக்கான முதலாவது உலக சாம்பியன்ஷிப்பை ‘ஓரியன்’ என்ற விமானத்தோடு வென்ற எட் கஸ்மிர்ஸ்கியின் காலம் தொட்டு, இன்று இரண்டு மீற்றர் நீளம், இரண்டு மீற்றர் இறக்கை, ஐந்து கிலோ என்ற எல்லைக்குள் வரும் போட்டி விமானங்கள் வரை, தலைகீழ்ப் பறப்பு இல்லாமல் போட்டியே இல்லை.

இனி, அதிகமான விமானங்களைக் கெடுக்கும் ஆலோசனைக்கு வருவோம். “மூக்குப் பாரமா இருந்தா நல்லம் தம்பி, நேராப் போகும்.” பழகுநர் விமானத்துக்கு இதில் பாதி உண்மை உண்டு. கரண விமானத்துக்கு இது கால்விலங்கு. மூக்குப் பாரமானால் நேராகப் பறக்கவே வாலிலுள்ள எலிவேட்டரை மேலே பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். தலைகீழானதும் கீழே தள்ளிப் பிடிக்க வேண்டும். இறங்கும்போது வேகம் குறையாமல் மூக்கைத் தரையில் குத்தும்.

பாரம் சமமாக நிற்க வேண்டிய சரியான இடத்தைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி தேவையில்லை. இறக்கையின் அகலம் 24 சென்றிமீற்றர் என்று வையுங்கள். முன்விளிம்பிலிருந்து 6 முதல் 8 சென்றிமீற்றர் பின்னே, அதாவது அகலத்தின் நாலில் ஒன்றுக்கும் மூன்றில் ஒன்றுக்கும் நடுவே, இரு பக்கமும் பென்சிலால் கோடு போட வேண்டும். பற்றரியை உள்ளே வைத்துக் கட்டிவிட்டு, அந்தக் கோட்டில் இரண்டு விரல்நுனிகளால் தூக்கிப் பார்க்க வேண்டும். பற்றரி இல்லாமல் பார்ப்பதில் பயன் இல்லை. வால் தொங்கினால் பற்றரி முன்னே நகரட்டும், மூக்குத் தொங்கினால் பின்னே. ஈயக்கட்டி ஒட்டுவது கடைசி வழி. முதல் பறப்பில் அந்த இடம் 6 சென்றிமீற்றருக்குப் பக்கமாக இருப்பது பாதுகாப்பு. பிறகு நல்ல உயரத்தில், 45 பாகையில் ஏற்றிக்கொண்டு போய், தலைகீழாகப் புரட்டி, எலிவேட்டரை விட்டுவிட வேண்டும். மூக்கு உடனே தரைப்பக்கம் விழுந்தால் இன்னும் மூக்குப் பாரம். கோடு பிடித்தபடி சிறிது தூரம் போய் மெல்லச் சரிந்தால் சரி. தானாக வானத்தைப் பார்த்து ஏறினால் வால் பாரம். அப்படியே இறக்கிப் பற்றரியை முன்னே தள்ளுவதுதான் அறிவு.

வாலைப் பற்றிப் பேசும்போது அப்பாஸ் இப்னு பிர்னாஸை விட முடியாது. ஒன்பதாம் நூற்றாண்டில் ஸ்பெயினின் குர்துபாவில் வாழ்ந்த அறிஞர். நிலவில் ஒரு பள்ளத்துக்கு அவர் பெயர் இருக்கிறது. உலகின் முதல் விமானத்தையே செய்து பல நிமிடம் பறந்தார் என்ற அளவுக்குக் கதை இன்று வளர்ந்திருக்கிறது. நமக்குக் கிடைக்கும் விவரம் பெரும்பாலும் ஏழு நூற்றாண்டுக்குப் பிந்திய வரலாற்றாசிரியர் அல்-மக்கரீ எழுதியது. இறகும் சிறகும் கட்டிக்கொண்டு கொஞ்சத் தூரம் பறந்தார், இறங்கும்போது முதுகில் அடிபட்டார், பறவை வாலை ஊன்றி இறங்குகிறது என்பதை அறியாமல் வால் வைக்க மறந்தார் என்பது அந்தக் குறிப்பு. ஊதிப் பெருக்கிய கதையைவிட இந்தக் குறிப்பே பெறுமதியானது. விழுந்ததற்கு வால் இல்லாமையைக் காரணமாகச் சொல்லும் இடத்தில், பறப்பின் சமநிலையைப் பற்றிய ஒரு சிந்தனை அதில் இருக்கிறது.

அடுத்தது எலிவேட்டரை அசைக்கும் சேர்வோ. எலிவேட்டர் அளவுக்கு மேல் ஆடுகிறது என்றால் பலர் செய்வது ரிமோட்டில் போய் அசைவை 40 வீதமாகக் குறைப்பதுதான். “வேலை முடிந்தது” என்று நினைப்பார்கள். சேர்வோ இப்போது தன் முழு வீச்சில் பாதியைக்கூடப் பயன்படுத்துவதில்லை. பற்சக்கரத்தில் உள்ள சிறு தளர்வு முழுதாக வாலுக்குப் போகிறது, பலமும் வீணாகிறது. செய்ய வேண்டியது ஸ்குரூ ட்ரைவரோடு உட்கார்ந்து, சேர்வோக் கையின் வெளித்துளையில் மாட்டிய கம்பியைக் கழற்றி ஒரு துளை உள்ளே மாட்டுவது, அல்லது எலிவேட்டர்க் கொம்பில் ஒரு துளை வெளியே தள்ளுவது. இதனால் அதே சேர்வோ முழு வீச்சில் ஓடி, வால் அளவாக அசைகிறது, பிடியும் இறுகுகிறது. ஐந்து நிமிட வேலை. விமானமே வேறு விமானமாகிவிடும்.

ரிமோட்டில் உள்ள ‘எக்ஸ்போ’ விமானத்தை மந்தமாக்கும் என்பதும் தவறு. அது குச்சியின் நடுப்பகுதியை மட்டும் மென்மையாக்குகிறது. குச்சியைக் கடைசி வரை தள்ளினால் முழு அசைவும் கிடைக்கும். ஜைரோ பொருத்தினால் விழாது என்ற நம்பிக்கை இதைவிட ஆபத்தானது. விமானம் தானாகத் திரும்பும் வேகத்தை உணர்ந்து எதிர்ப்பது சாதாரண ஜைரோவின் வேலை. உயரம் எவ்வளவு, இறக்கை தூக்குவிசை இழந்து ஸ்டோல் ஆகப்போகிறதா என்று அதற்குத் தெரியாது. திசை மாறி அமைத்த ஜைரோ, சாய்வதை இன்னும் சாய்க்கும். பறக்கவிடுமுன் விமானத்தைக் கையால் சாய்த்து, இறக்கையிலுள்ள எயிலரன் எதிர்ப்பக்கம் அசைகிறதா என்று பார்ப்பது கட்டாயம்.

காற்றைப் பற்றி இந்தக் கரையில் தனியாகச் சொல்ல வேண்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் திரும்பும்போது, பின்னால் வரும் காற்று விமானத்தைத் தூக்கி அடிக்கும், தூக்குவிசை போய்விடும் என்பார்கள். காற்று ஒரே சீராக வீசினால் விமானத்துக்கு அது தெரியவே தெரியாது. காற்றில் மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் பறக்கும் விமானம், 20 கிலோமீற்றர்க் காற்றில் எதிர்த்துப் போகும்போது தரையில் நிற்பவருக்கு 20 ஆகத் தெரியும். காற்றோடு போகும்போது 60. இறக்கையைத் தொடும் வேகம் இரண்டிலும் 40தான். 60ஐக் கண்டு பயந்தவர் மோட்டாரைக் குறைத்து, எலிவேட்டரை இழுக்கிறார். தாக்குகோணம் எல்லை மீறுகிறது. இறக்கை ஸ்டோல் ஆகிறது. பழி கச்சானுக்குப் போகிறது. தரைக்குப் பக்கத்தில் மரமும் கட்டடமும் காற்றைக் கலக்கிவிடும் என்பது வேறு விடயம். அந்த உயரத்தில் கூர்மையாகத் திரும்பாமல் இருப்பதே வழி.

பறக்கவிடக் கடற்கரைதான் தோதான இடம் என்பதும் சரியில்லை. அஸருக்குப் பிறகு சாய்ந்தமருதுக் கரையில் ஆட்கள் கூடுகிறார்கள், கடற்காற்றும் பலமாக இருக்கும். மணல் மோட்டாரின் காந்தத்தில் ஒட்டும், உப்பு இணைப்புகளை அரிக்கும். ஊருக்கு மேற்கே, அறுவடை முடிந்து காய்ந்த வயல் வட்டை எவ்வளவோ மேல். சுபஹ் தொழுது வெளிச்சம் வந்த நேரமே பெரும்பாலும் காற்று அடங்கியிருக்கும் நேரம். வயற்காரரிடம் கேட்டுக்கொண்டு, மின்கம்பிக்கும் மாட்டுப்பட்டிக்கும் தள்ளி நிற்க வேண்டும்.

“ட்ரோனுக்குத்தான் சட்டம், இது விளையாட்டு விமானம்” என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு இலங்கையில் ட்ரோன்கள் தடை செய்யப்பட்டன. அடுத்த சில நாட்களில் சாய்ந்தமருதில் நடந்த மோதலும் வெடிப்பும் இந்த ஊர்களுக்கு மறக்கவில்லை. தடை பின்னர் நீங்கினாலும், ஆளில்லா வான்கலங்களுக்கான விதிகளை வகுப்பது சிவில் விமான சேவைகள் அதிகாரசபை. நிலையான இறக்கை இருப்பதால் தன் விமானம் வேறு வகை என்று ஒருவர் தானாகவே முடிவெடுக்கக் கூடாது. எடையும் இடமும் குறிப்பிட்டு அங்கே எழுத்தில் கேட்பதும், பக்கத்துப் பொலிஸ் நிலையத்தில் முன்கூட்டிச் சொல்வதும் பிள்ளைகளையும் குடும்பத்தையும் வீண் விசாரணையிலிருந்து காக்கும்.

கடைசியாக, பழுதில்லாத 2.4 கிகாஹேர்ட்ஸ் ரிமோட் ஒருபோதும் தொடர்பை இழக்காது என்ற நம்பிக்கை. பழைய கருவிகளைவிட இன்னொருவரின் அலை குறுக்கிடுவது குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். அலை அறுந்தால் மோட்டார் நிற்கும்படி ‘ஃபெயில்சேஃப்’ அமைப்பது உரியவரின் வேலை. புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, மோட்டாரை மெல்ல ஓடவிட்டு, ரிமோட்டை அணைத்துப் பார்க்க வேண்டும். மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தால் அன்றைக்கு விமானம் வீட்டிலேயே இருக்கட்டும்.