கோதுமையை நிறுத்தும் முன் ஒரு ரத்தப் பரிசோதனை

குழந்தைக்கு அடிக்கடி வயிற்றுப்போக்கு, வயிறு உப்புசம், எடையும் ஏறவில்லை. போனில் தேடினால் "குளூட்டன் பிரச்சினையாக இருக்கலாம், கோதுமையை நிறுத்துங்கள்" என்று வருகிறது. அன்றைக்கே சப்பாத்தி, பிஸ்கட் எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறோம். கொஞ்சம் பொறுங்க. முதலில் செய்ய வேண்டியது ரத்தப் பரிசோதனை.

குளூட்டன் என்பது கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள புரதம். பரோட்டா மாவு அப்படி இழுபடுகிறதே, அதற்குக் காரணம் இதுதான். யாருடைய குடலும் இதை முழுமையாகச் செரிப்பதில்லை. பெரும்பாலோருக்கு அதனால் கெடுதலும் இல்லை. ஆனால் குறிப்பிட்ட மரபணுக்கள் உள்ள சில குழந்தைகளின் நோய் எதிர்ப்பு மண்டலம், செரிக்காத அந்தத் துணுக்குகளை எதிரியாக நினைத்துவிடுகிறது. அதோடு நிற்பதில்லை. குடலில் இருக்கும் டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்ற நம் சொந்த நொதிக்கு எதிராகவும் எதிர்ப்பொருள்களை உருவாக்கி, குடலின் உட்சுவரையே தாக்குகிறது. இதுதான் சீலியாக் நோய். சாதாரண அலர்ஜி அல்ல, உடல் தன்னையே தாக்கும் நோய்.

தாக்குதலில் சிறுகுடலின் குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகிவிடும். பிறகு என்ன சாப்பிட்டாலும் சத்து உடலில் சேராது. இரும்புச்சத்து மருந்து மாதக்கணக்கில் கொடுத்தும் ரத்தசோகை தீராமல் இருப்பது, உயரம் கூடாமல் நிற்பது போன்றவை இதனால்தான். சில குழந்தைகளுக்கு வயிற்றுத் தொந்தரவே இருக்காது.

'டிடிஜி ஐஜிஏ' என்ற ரத்தப் பரிசோதனை, அந்த நொதிக்கு எதிரான எதிர்ப்பொருளைத்தான் அளக்கிறது. கோதுமையை நிறுத்திவிட்டால் எதிர்ப்பொருள் குறையத் தொடங்கும், குடலும் ஆறத் தொடங்கும். நோய் இருந்தும் முடிவு 'நார்மல்' என்று வரலாம். உறுதிசெய்ய வேண்டுமானால் பல வாரங்களுக்கு மறுபடியும் கோதுமை கொடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். குழந்தைக்கு அது வீண் வேதனை. அதனால் வழக்கமான சாப்பாட்டைக் கொடுத்துக்கொண்டே குழந்தைகள் நல மருத்துவரைப் பாருங்கள். தேவைப்பட்டால் எண்டோஸ்கோப்பி மூலம் குடல் திசுவையும் பரிசோதிப்பார்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 104 மருத்துவ உதவி எண்ணில் கேட்கலாம்.

"நாம சாப்பிடுறது அரிசிதானே?" என்று தோன்றலாம். உண்மைதான். 2016-இல் வெளியான இந்திய ஆய்வு ஒன்றில், வட மாநிலங்களைவிடத் தென்னிந்தியாவில் இந்நோய் மிகக் குறைவு என்று தெரியவந்தது. ஆனால் நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணுக்கள் இங்கேயும் உண்டு. அரிசிச் சோற்றோடு ரவை, சேமியா, பிஸ்கட் என்று கோதுமையும் தினமும் தட்டுக்கு வருகிறது.

நோய் உறுதியானால் வாழ்நாள் முழுக்கக் குளூட்டன் இல்லாத உணவுதான் சிகிச்சை. இதில் நமக்கு ஒரு வசதி: அரிசி, கேழ்வரகு, கம்பு, தினை, சோளம், பருப்பு எதிலும் குளூட்டன் கிடையாது. (இணையத்தில் சில தமிழ்ப் பக்கங்கள் 'ரை' தானியத்தைக் 'கம்பு' என்று மொழிபெயர்த்துப் பயமுறுத்துகின்றன. நம் கம்பு வேறு, தாராளமாகக் கொடுக்கலாம்.)

மாட்டிவிடுவது மறைந்திருக்கும் கோதுமைதான். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். அப்புறம் சாம்பாரும் ரசமும் ஆகாது. சத்துமாவிலும் கோதுமை இருக்கும். மாவு மில்லில் கோதுமைக்கு அடுத்து அரைத்த கேழ்வரகும் சரிப்படாது. பாக்கெட்டில் 'குளூட்டன் ஃப்ரீ' என்று போட வேண்டுமானால் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு விதி. ஆகவே லேபிளைப் படித்து வாங்குங்கள்.

பள்ளியில் காலை உணவுத் திட்டத்தில் ரவா உப்புமா, சேமியா உப்புமா, கிச்சடி வரும். மருத்துவரின் சான்றைத் தலைமை ஆசிரியரிடம் கொடுத்து, உங்கள் பிள்ளைக்கு எது ஆகாது என்று சமையல் செய்பவரிடமும் நேரில் சொல்லிவிடுங்கள். அங்கன்வாடிக்குப் போகும் குழந்தை என்றால், அங்கே தரும் சத்துமாவைப் பற்றிப் பணியாளரிடம் பேசுங்கள்.

ஒரு குழந்தைக்கு இருப்பது உறுதியானால், உடன்பிறந்தவர்களுக்கும் பெற்றோருக்கும் இருக்க வாய்ப்பு அதிகம். அவர்களுக்கும் அந்தப் பரிசோதனை தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அதுவரை அவர்களும் கோதுமையை நிறுத்த வேண்டாம்.