புது ஊர், நைட் டூட்டி, கைக்குழந்தை

கேள்வி: மதுரையில் தனியார் மருத்துவமனையில் நர்ஸாக இருக்கும் பெண், திருமணத்துக்குப்பின் பெங்களூரு போனால் பதிவும் மகப்பேறு விடுப்பும் என்னவாகும்?

பதில்: நர்ஸ் பதிவு மாநிலக் கவுன்சில் வழியே நடப்பது. தமிழ்நாட்டுக் கவுன்சிலில் தடையில்லாச் சான்று பெற்று, கர்நாடகக் கவுன்சிலில் பதிய வேண்டும். ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே விண்ணப்பிப்பது நல்லது. அசல் சான்றிதழ்களை எந்த நிர்வாகத்திடமும் ஒப்படைக்கக் கூடாது. அடுத்த பதிவுக்கு அவைதாம் ஆதாரம்.

பலர் கவனிக்கத் தவறுவது விடுப்புக் கணக்கு. எதிர்பார்க்கும் பிரசவ தேதிக்கு முந்தைய 12 மாதங்களில், விடுப்பு தரும் அந்த நிறுவனத்திலேயே 80 நாள் வேலை பார்த்திருந்தால்தான் சம்பளத்துடன் விடுப்பு உரிமையாகும். மகப்பேறு விடுப்புச் சட்டத்தில் 2017இல் வந்த திருத்தத்திலிருந்து முதல் இரு குழந்தைகளுக்கு 26 வாரம். வேலைக்குத் திரும்பியபின் குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை, தினமும் இரண்டு பாலூட்டும் இடைவேளைகள் உண்டு. ஐம்பது பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடத்தில் குழந்தைகள் காப்பகமும் கட்டாயம். ஆனால் நைட் டூட்டி நர்ஸுக்குப் பகலில் மட்டும் திறக்கும் காப்பகம் உதவாது. விடியும்வரை டிரிப் பார்த்து, காலையில் அடுத்த ஷிப்டுக்கு ஒவ்வொரு நோயாளியையும் ஒப்படைத்தபின் வீடு திரும்புபவருக்குத் தூக்கம் அவசியம். அந்நேரம் குழந்தையைப் பார்க்க வீட்டில் ஆள் வேண்டும். ஆகவே சம்பளத்தைக் கேட்கும்போதே மாதத்துக்கு எத்தனை நைட், காப்பகம் எந்நேரம் என்பதையும் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.